கடல் கடக்கக் கேட்ட சீட்டு

பாரூர் ஏரிக்கரையில் நின்று எத்திசை நோக்கினும் கடல் தெரியாது. தென்பெண்ணை நீர் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வந்து நிறையும் ஏரி தெரியும்; அந்த நீரில் விளையும் நெல் தெரியும்; மாந்தோப்புகள் தெரியும்; ஒசூர் ஆலைகளுக்கும் பெங்களூருக்கும் ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிகள் தெரியும். கடல் மட்டும் தெரியாது. ஆயினும் இன்று, இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர்களில், உழவன் வீட்டிலும் ஆலைத் தொழிலாளி வீட்டிலும், கடலுக்கு அப்பாலுள்ள பல்கலைக் கழகம் ஒன்றின் பெயரை உச்சரிக்கும் பிள்ளைகள் இருக்கக் காண்கிறோம். அந்தப் பிள்ளைகளின் கையில் ஒரு கோப்பு இருக்கக் காண்கிறோம். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, நிலத்தின் பட்டா! எத்தனை தாள்கள்! எத்தனை முத்திரைகள்!

கோப்பைப் பற்றியா கட்டுரை, கோப்புக்கும் ஒரு வரலாறா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்டு என்போம் நாம். யார் கடல் கடக்கலாம், யார் கடக்கக் கூடாது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அவரிடமிருந்து அது எவ்வாறு பறிக்கப்பட்டது, இன்று எங்கே போய் ஒளிந்து கொண்டிருக்கிறது என்பதே அந்தக் கோப்பின் வரலாறு. அதை அறியாத இளைஞன், தாள் சேர்ப்பதைத் தலைவிதி என்று எண்ணுவான்; அறிந்தவனோ உரிமை என்று கேட்பான்.

கடல் தமிழனுக்குப் புதிதன்று. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் வரை சென்றது. அவனுக்கு முன்னும் பின்னும் தமிழ் வணிகர் கீழ்க்கடல் நாடுகளில் கடை விரித்தனர். அவர்களிடம் எந்தச் சாத்திரியும் சீட்டுக் கேட்டதாகச் செய்தி இல்லை. ஆனால், ஏட்டில் வேறொரு சட்டம் எழுதப்பட்டுக் கொண்டிருந்தது. பௌதாயன தரும சூத்திரம், கடற்பயணத்தைச் சாதியை இழக்கச் செய்யும் குற்றங்களின் வரிசையில் வைத்தது. மனுவோ, கடல் கடந்தவனைச் சிரார்த்தத்துக்கு அழைக்கத் தகாதவர் பட்டியலில் சேர்த்தார். கடலில் உப்பு இருப்பது மீனவனுக்குத் தெரியும்; அதில் தீட்டு இருப்பது ஏடு எழுதியவருக்கு மட்டுமே தெரிந்தது!

வேடிக்கையைக் கேளுங்கள். அந்தத் தீட்டு எல்லோரையும் ஒன்று போல் தடுக்கவில்லை. 1860-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது. மொரீசியசுக்கு அதற்கும் கால் நூற்றாண்டு முன்பே, 1834 முதல், கூலிகள் போகத் தொடங்கியிருந்தனர். கரும்புக் கொல்லைக்குப் போன அந்த ஏழைத் தமிழனின் கையிலும் ஒரு தாள் இருந்தது: ஒப்பந்தச் சீட்டு. அவனுக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்தான். அவன் போவதைத் தடுக்க எந்த மடாதிபதியும் துறைமுகத்துக்கு ஓடி வரவில்லை. உழைக்கப் போவதற்குத் தடையில்லை. படிக்கப் போவதற்குத்தான் தடை! நம் மக்களுள் பெரும்பாலோர் கடல் கடக்கப் பெற்ற முதற் சீட்டு, அடிமைக்கு அடுத்த நிலையை எழுதித் தந்த சீட்டாக இருந்தது என்பதை மறவாதீர்கள்.

படிக்கப் போனவர் கதை என்ன? 1888-ஆம் ஆண்டு, சட்டம் பயில இலண்டனுக்குப் புறப்பட்ட இளைஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியைப் பம்பாயில் அவருடைய சாதிக் கூட்டம் அழைத்து விசாரித்தது. போகக் கூடாது என்றது. போவேன் என்றார். சாதி விலக்கு விதிக்கப்பட்டது. அவருக்கு உதவுகிறவருக்கும், வழியனுப்பப் போகிறவருக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்று தலைவர் தீர்ப்பளித்தார். இதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1891-ல் பாரிஸ்டராகத் திரும்பியவரை, நாசிக்கில் புனித நீராட்டி, ராஜ்கோட்டில் சாதி விருந்து வைத்துத்தான் மீண்டும் சேர்த்துக் கொண்டனர். அதுவும் ஒரு பகுதியார்தாம். சட்டம் பயின்று வந்தவருக்கு, அந்தச் சட்டத்தை அறியாதவர் தந்த சான்றிதழ் தேவைப்பட்டது!

நம் நாட்டுக் கதையைக் கேளுங்கள். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன், கணக்கில் கரை கண்டவர். ஆனால், மற்றப் பாடங்களில் தவறியதால் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லை, தேர்ச்சிச் சான்றிதழ் இல்லை. கேம்பிரிட்சில் இருந்த ஹார்டி, கடிதத்தில் இருந்த கணக்குகளைப் பார்த்தார். தாள் இல்லாததைப் பார்க்கவில்லை. அழைப்பு வந்தது. தயங்கியது எது? கடல் கடக்கும் பாவம்! நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து இசைவு தந்தாள் என்று சொல்லப்பட்ட பிறகே வீட்டின் தடை விலகியதாகக் கதை வழங்குகிறது. சென்னைப் பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்க, 1914 மார்ச்சு 17-ஆம் நாள் கப்பலேறினார். 1916-ல் ஆராய்ச்சியின் பேரில் பட்டம் பெற்றார். 1918-ல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1919-ல் நோயுடன் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் மறைந்தார். உலகம் போற்றிய அந்த அறிவாளியின் இறுதிச் சடங்கில், கடல் கடந்தவர் என்பதால் வைதீக உறவினர் பலர் விலகி நின்றனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். கேம்பிரிட்சு, சான்றிதழ் இல்லாதவரைச் சேர்த்துக்கொண்டது. அக்கிரகாரமோ, உலகத்தின் சான்றிதழ் பெற்று வந்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இதில் எது அறிவின் இடம், எது இருளின் இடம்?

உயர்சாதியில் பிறந்தோருக்கே இந்தப் பாடு என்றால், ஒடுக்கப்பட்டோர் நிலை என்ன? அவர்களுக்கு விலக்கு விதிக்கச் சாதிக் கூட்டம் கூடத் தேவையில்லை, பிறப்பே விலக்கு. 1913-ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயது இளைஞர் பீமராவ் அம்பேத்கர், பரோடா மன்னர் சாயாசிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுக் காலம். அதற்கும் ஒரு தாள் உண்டு: படித்து முடித்ததும் பரோடா அரசுப் பணியில் பத்தாண்டு இருப்பேன் என்ற ஒப்பந்தம். 1915-ல் முதுகலைப் பட்டம். 1916 மே 9-ஆம் நாள், அந்தப் பல்கலைக் கழகத்தின் ஆய்வரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையைப் படித்தார். பிறகு இலண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்ததால், படிப்பு முடியாமலே 1917-ல் திரும்ப நேர்ந்தது. தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்களும் உடைமைகளும், போர்க்காலத்தில் அக்கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியதால் கடலில் போயின.

பரோடாவுக்குப் பணியேற்கப் போனார். தங்க இடமில்லை! பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கியவரை, கையில் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. கொலம்பியாவின் பட்டம் பெட்டியில் இருந்தது. அது இந்த நாட்டில் ஓர் அறைக்குக் கூட அனுமதிச் சீட்டாகவில்லை. அந்த நிகழ்ச்சியையும் அது போன்ற மற்றவற்றையும் அவர் எழுதிய சிறு நூலின் தலைப்பு என்ன தெரியுமா? 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்பது அதன் பொருள். அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் எளிதில் நுழைந்தவர், தாய்நாட்டுக்குள் நுழையச் சீட்டுக் கேட்டுக் காத்திருந்தார்! 1920-ல் மீண்டும் இலண்டன் சென்று படித்து, 1923-ல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார் அந்த வீரர்.

புரோகிதரின் கையிலிருந்த பூட்டு மெல்லத் துருப்பிடித்தது. எடின்பரோவில் மருத்துவம் பயின்ற டாக்டர் டி. எம். நாயர், 1916-ல் நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரானார். 1931 டிசம்பரில் கப்பலேறிய தந்தை பெரியார், சோவியத்து நாடு, செருமனி, இங்கிலாந்து எனப் பல நாடுகளைக் கண்டு 1932 நவம்பரில் திரும்பினார். எந்தப் பிராயச்சித்தமும் செய்து கொள்ளவில்லை. மாறாக, நாட்டுக்கே பிராயச்சித்தம் தேவை என்றார்! காஞ்சியின் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, 1968-ல் யேல் பல்கலைக் கழகத்தின் சப் பெல்லோசிப் பெற்று, முதலமைச்சராகவே அங்குச் சென்று மாணவரிடையே உரையாற்றினார்.

ஆனால், புரோகிதர் விட்ட பூட்டை எடுத்தது யார்? அரசு. முதல் உலகப் போருக்கு முன் பெரும்பாலான பயணங்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருக்கவில்லை. போர் வந்தது, ஐயம் வந்தது, சீட்டு வந்தது, போர் முடிந்தும் சீட்டுப் போகவில்லை. 1920-ல் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. அது நாட்டுக்குள் நுழைவோரைப் பற்றியது. நாட்டைவிட்டு வெளியே செல்வோருக்குச் சீட்டு வழங்குவதை முறைப்படுத்தும் சட்டமோ, விடுதலை பெற்று இருபதாண்டு ஆகும் வரை இல்லை. கொடுத்தால் அரசின் அருள். மறுத்தால் அரசின் விருப்பம். காரணம் கேட்க உரிமையில்லை. மன்னர் காலத்து மனப்பான்மை, மக்களாட்சியின் மேசையில் அமர்ந்திருந்தது.

1967 ஏப்ரல் 10-ஆம் நாள் அதற்கு முடிவு வந்தது. சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளுள் மூவர், வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தனர். சட்டமின்றிச் சீட்டை மறுக்கலாகாது என்றனர். அதே ஆண்டு சூன் திங்களில் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. மறுப்பதற்குரிய காரணங்களைச் சட்டமே வரையறுத்தது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றது. மேல்முறையீட்டுக்கு வழி செய்தது. 1978-ல் மேனகா காந்தி வழக்கின் தீர்ப்பு, அந்த நடைமுறை நேர்மையானதாகவும் இருக்க வேண்டும் என்று மேலும் வலுவூட்டியது. இன்று பாரூர்ப் பெண்ணொருத்தி, கடவுச்சீட்டு ஏன் மறுக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்கலாம் என்றால், அது யாரும் இட்ட பிச்சையன்று. வழக்காடிப் பெற்ற உரிமை.

புரோகிதரின் தடை போயிற்று; அரசின் தான்தோன்றித்தனமும் அடங்கிற்று. பிறகென்ன, வழி திறந்துவிட்டதே என்பீர்கள். வழி திறந்திருக்கிறது, வாசலில் கோப்புக் கேட்கிறார்கள்! அந்தக் கோப்பு, கேட்ட மாத்திரத்தில் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. பாட்டன் காலம் முதல் தாளோடு வாழ்ந்த வீட்டில் இருக்கிறது. பாட்டன் காலம் முதல் மண்ணோடு வாழ்ந்த வீட்டில் இல்லை. இங்கேதான் பழைய வேற்றுமை புது உடை போட்டுக்கொண்டு வருகிறது.

இந்த மண்ணிலிருந்தே சான்று காட்டுவோம். கிருஷ்ணகிரி வட்டாரம் அன்று பாராமகால் எனப்பட்டது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாய் இருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, உழவனோடு நேரே தீர்வை பேசும் இரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடித்தளம் இட்டனர். சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ, தம் வேலையைப் பழகிய இடம் இது. நிலம் தாளில் ஏறியது. தாளில் பெயர் ஏறியவன் நிலத்துக்கு உரியவனானான். உழுதும் பெயர் ஏறாதவன் கூலியானான். இருநூற்று முப்பது ஆண்டுக்கு முன் நடந்தது, இன்றைய மாணவனுக்கு என்ன என்கிறீர்களா? இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி, ஏழரை இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கு ஈடு காட்ட வேண்டும். செருமனியில் படிக்க விரும்புவோர், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென முடக்கக் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டிய தொகை, 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபடி 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து இலட்சத்துக்கும் மேல்! ஈடாக எதைக் காட்டுவது? பட்டாவை. பட்டா யார் பெயரில்? இறந்துபோன பாட்டன் பெயரில்! வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை, பட்டா மாற்றவில்லை, பங்காளிகள் மூவர், ஒருவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாது. நிலமே இல்லாதவர் வீட்டிலோ அந்தக் கேள்விக்கும் இடமில்லை. மன்றோ காலத்தில் தாளில் ஏறாத பெயர், இன்றும் வங்கியின் மேசைமேல் ஏற மறுக்கிறது.

இன்னொரு சான்று. ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் இராசகோபாலாச்சாரியார். சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக 1953-ல் அவர் கொண்டுவந்த திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் கழிக்க வேண்டும் என்றது. குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது நம் இயக்கம். 1954-ல் காமராசர் அதைக் கைவிட்டார். அவர் பிறந்த அதே பகுதியில், 1970-களுக்குப் பின் தொழிற்பேட்டை எழுந்து, மோட்டார் வண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் பெருகின. திட்டம் நிலைத்திருந்தால், அந்த ஆலைகளின் இயந்திரத்தருகே நிற்கும் தொழிலாளியின் மகள், முதுகலைப் பொறியியலுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பாளா? அவள் கையிலுள்ள மதிப்பெண் பட்டியலின் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும், அன்று தெருவில் இறங்கிப் போராடியவர்களின் காலடி இருக்கிறது.

இனி, நம் இயக்கத்தின் நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். அது பெயர். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. இந்தியாவின் பிற பகுதிகளில் பெயரைக் கேட்டவுடன் சாதி தெரியும். தமிழ்நாட்டிலோ பெயரின் முன்னே ஓர் எழுத்து, பின்னே ஒரு பெயர், அவ்வளவுதான். அந்த வெறுமை நம் பெருமை! ஆனால், கடவுச்சீட்டு விண்ணப்பம் இரண்டு கட்டங்களைக் காட்டுகிறது. ஒன்றில் இயற்பெயர், மற்றொன்றில் குடும்பப் பெயர். தலைப்பெழுத்தை எழுத்தாகவே எழுதவும் இடமில்லை; விரித்தெழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால் கடவுச்சீட்டுக் கிடைக்கும். ஆனால் அமெரிக்க விசாவில், இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயராக எழுதி, இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப் என் யூ' என்று பொறித்து விடுகிறார்கள். இயற்பெயர் அறியப்படவில்லை என்பது அதன் பொருள். கோட்டத்திலேயே முதல் மாணவியாக வந்தவள், அங்கே பெயர் அறியப்படாதவள்!

இதைக் கண்டு சிலர் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? பாட்டன் வைத்திருந்த சாதிப் பட்டத்தை எடுத்துக் கட்டத்தில் போட்டுவிடு, தொல்லை தீர்ந்தது என்கிறார்கள். தொல்லை தீரவில்லை, தோழர்களே! தொண்ணூற்றைந்து ஆண்டுக்கும் முன்னர் வெட்டியெறிந்த வாலை, விமான நிலையத்தில் ஒட்டிக்கொள்வதாகும் அது. கடல் கடந்து போகும் சாதி, அங்கேயும் தன் கூட்டத்தைத் தேடும். வழி மிக எளிது. தந்தை பெயரை விரித்து அந்தக் கட்டத்தில் எழுதலாம். தலைப்பெழுத்துத் தாயின் பெயரிலிருந்து வந்திருந்தால் தாயின் பெயரை எழுதலாம். எழுதியதை எழுத்துப் பிசகாமல் எல்லாத் தாளிலும் ஒன்றாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டில் ஒரு வகை, ஆங்கிலத் தேர்வுப் பதிவில் ஒரு வகை, பல்கலைக் கழக விண்ணப்பத்தில் ஒரு வகை என்றால்தான் தொல்லை. சாதியற்ற பெயரோடு உலகைச் சுற்றலாம். கவனமற்ற பெயரோடு சுற்ற முடியாது.

எல்லைப் பகுதிக்கு இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் என்பது வழக்கம். தாய்வீடு எல்லைக்கு அப்பால் கருநாடகத்தில் இருப்பதும் இங்கு வியப்பன்று. பிறப்பு அங்கே பதிவாகிறது, சான்றிதழ் கன்னடத்தில். பள்ளிப் படிப்பு இங்கே, சான்றிதழ் தமிழில். இரண்டுக்கும் நடுவே ஆங்கில எழுத்துகள் ஆளுக்கொரு விதமாய் ஆடுகின்றன. சில சான்றிதழ்களில் பெயரே இராது. 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. அதன்கீழ் உள்ள விதிகள், பெயரைப் பின்னர்ச் சேர்க்கவும் பதினைந்தாண்டு வரை காலம் தருகின்றன. அந்தக் காலம் முடிந்து, விசா நாள் நெருங்கிய பிறகே பலர் தாளை எடுத்துப் பார்க்கின்றனர். கடவுச்சீட்டுக்குப் பிறந்த நாளைக் காட்டும் விதியோ மாறி மாறி வந்திருக்கிறது. 1989 சனவரி 26 முதல் பிறந்தோர் பிறப்புச் சான்றிதழே காட்ட வேண்டும் என்றிருந்ததை 2016 டிசம்பரில் தளர்த்தி, பள்ளிச் சான்று முதலியவற்றையும் ஏற்றனர். 2025-ல் வந்த திருத்தம், 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோருக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே சான்று என்கிறது. இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பயணம், இன்றைய பதிவேட்டிலேயே தொடங்கிவிடுகிறது என்பதைத் தாய்மார்க்கு யார் சொல்வது?

யாரும் சொல்லாத வெற்றிடத்தில் இருவர் நுழைகிறார்கள். ஒருவர் பூசாரி. ஐதராபாத்தை அடுத்த சில்க்கூரில் 'விசா பாலாஜி' என்றே ஒரு சாமிக்குப் பெயர் வழங்குகிறது! வேண்டுதலுக்குப் பதினொரு சுற்று. நிறைவேறினால் நூற்றெட்டுச் சுற்று. கடல் கடப்பதே பாவம் என்று தடுத்த அதே வைதீகம், இன்று கடல் கடக்க வைக்கும் கடவுளைக் காட்டுகிறது. தடுத்தபோதும் அதற்குச் செல்வாக்கு. விடுத்தபோதும் அதற்குச் செல்வாக்கு! பதினொரு சுற்றுச் சுற்றும் நேரத்தில், பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த வேலையைப் பாலாஜிக்கு மிச்சமாக்கலாமே!

மற்றவர் தரகர். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் போடு என்பார். அன்று கைநாட்டு வாங்கிய கங்காணியின் குரல் அதில் கேட்கவில்லையா? 2023-ல் கனடாவில் என்ன நடந்தது? முகவர் கொடுத்த சேர்க்கைக் கடிதங்கள் போலி என்று தெரியவந்து, ஆண்டுக்கணக்கில் அங்கே படித்தும் உழைத்தும் வாழ்ந்த இந்திய மாணவர் பலர், நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளாயினர். படித்த பிள்ளைகள்! தம் பெயரால் தரப்பட்ட தாளைத் தாமே சரிபார்க்காத குற்றத்துக்கு அவ்வளவு தண்டனை. செருமனி, 2022 நவம்பர் முதல், இந்திய மாணவரின் சான்றிதழ்களைத் தனியே சரிபார்த்து வாங்கிய பிறகே விசா என்று விதித்திருக்கிறது. ஒருவன் செய்யும் போலித் தாள், ஓராயிரம் நேர்மையான தாள்கள்மேல் ஐயத்தின் நிழலை வீழ்த்துகிறது.

பணம்? இங்கும் வரலாறு பேசுகிறது. ஒடுக்கப்பட்ட மாணவர் வெளிநாடு சென்று படிக்க ஒன்றிய அரசின் உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடந்து வருகிறது. 2022-ல் அதன் விதிகள் திருத்தப்பட்டன. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அந்த உதவி இல்லை என்றனர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1916-ல் சாதிகளின் தோற்றத்தைக் கொலம்பியாவில் ஆராய்ந்த அம்பேத்கர், 2022-ல் விண்ணப்பித்திருந்தால் தள்ளப்பட்டிருப்பார்! மன்னர் கேட்காத கேள்வியை மக்களாட்சி கேட்கிறது. பொறியியல் படி, கொடுக்கிறோம். உன் பாட்டன் ஏன் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டான் என்று மட்டும் படிக்காதே என்பது இதன் பொருளன்றோ? தமிழ்நாடு அரசோ, அண்ணல் அம்பேத்கர் பெயராலேயே அயலக உயர்கல்வித் திட்டம் நடத்தி, ஆதிதிராவிடர், பழங்குடி மாணவருக்கு ஆண்டொன்றுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை வழங்க முன்வந்தது. 2010-ல் தொழிற்கல்வியில் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை என்று தொடங்கிய ஏற்பாடும் இந்த வழியில் எடுத்து வைத்த ஓர் அடியே. முதல் பட்டதாரிச் சான்றிதழ்! உலகில் வேறு தாள்கள் எல்லாம் ஒருவனிடம் இருப்பதைச் சொல்லும். இந்த ஒரு தாள், அவன் வீட்டில் அதுவரை இல்லாமற் செய்யப்பட்டதைச் சொல்கிறது.

ஆகவே, நம் வேலை என்ன? முடி திருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடு படித்துக் காட்டி, எழுத்தறியாதவனையும் அரசியல் அறியச் செய்த இயக்கம் இது. படிப்பகம் தோறும் பத்திரிகை போட்டவர்கள், இன்று அதே படிப்பகத்தில் ஒரு மேசை போடலாகாதா? ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் போதும். ஊர்ப் பிள்ளைகளின் தாள்களை எடுத்து வரச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றில் பெயர் இருக்கிறதா, பள்ளிச் சான்றோடு நாள் ஒத்திருக்கிறதா, தலைப்பெழுத்தை எப்படி விரிப்பது, பாட்டன் பெயரிலுள்ள பட்டாவை மாற்ற என்ன செய்வது, வருமானச் சான்றும் சாதிச் சான்றும் எப்போது வாங்குவது, எந்தத் திட்டத்துக்கு எந்த நாளுக்குள் விண்ணப்பிப்பது என்று சொல்லிக் கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பிலேயே சொல்லுங்கள். விசாவுக்கு முந்திய வாரம் சொல்லிப் பயனில்லை. ஏற்கெனவே போய்ப் படிப்பவர்கள், தங்கள் கோப்பில் எது தடுக்கியது என்று ஊருக்கு எழுதட்டும். பெண் பிள்ளையின் கோப்பை முதலில் எடுங்கள். அவளுடைய தாளைத்தான் வீடு கடைசியாகத் தேடுகிறது.

இது சிறு வேலையாகத் தோன்றும். சிலை திறப்பன்று, ஊர்வலமன்று, முழக்கமன்று. ஆயினும் எண்ணிப் பாருங்கள். சாத்திரம் ஏட்டில் எழுதப்பட்டதால் வென்றது. நிலம் தாளில் எழுதப்பட்டதால் கைமாறியது. கூலியின் வாழ்வு ஒரு கைநாட்டில் அடகு போயிற்று. எழுதத் தெரிந்தவன் எழுதத் தெரியாதவனை ஆண்ட கதைதான் இந்த நாட்டின் நெடுங்கதை. எழுதும் கை இப்போது நம்மிடம் இருக்கிறது. நம் பிள்ளையின் பெயரை, சாதி வாலின்றி, பிழையின்றி, அவளே எழுதட்டும்.

பாரூர் ஏரிக்கரையிலிருந்து கடல் தெரியாது என்றோம். அந்த ஏரிக்கு நீர் தரும் தென்பெண்ணை, கடலூர் அருகே கடலைச் சேர்கிறது. வழி தெரிந்த நீர் போய்ச் சேர்ந்துவிடும். வழியில் அடைத்துக் கிடக்கும் மண்ணை அள்ளுவது நம் பொறுப்பு. மேசை போடுங்கள், தோழர்களே. வருகிற ஞாயிற்றுக்கிழமையே போடுங்கள்!